வெயிலிலும் குளிரிலும் வேலையாட்களைப் பாதுகாத்தல்

நெல், மரக்கறிச் செய்கையாளருக்கான துண்டுப் பிரசுரம்

முன்னுரை

மிளகாய் நாற்றுமேடை போடுகின்ற கமக்காரர் எவரும் அதனைத் திறந்த வெயிலில் விட்டுவிடுவதில்லை. நாலு கம்பு நட்டு, மேலே கிடுகு பரப்பி, நாற்று வேரூன்றித் தலைநிமிரும் வரையும் நிழல் கொடுத்துக் காப்பாற்றுகின்றார். நாற்று நடுகையையும் பொழுது சாயும் வேளைக்கே ஒதுக்கி வைக்கின்றார். எருமை பூட்டி உழுத காலத்தில், வெயில் ஏறுவதற்கு முன்னரே நுகத்தை அவிழ்த்து, அவற்றைக் குளத்திலோ சேற்றிலோ படுக்க விடுவது வழக்கமாயிருந்தது. உச்சி வெயிலில் உழுதால் எருமை விழுந்துவிடும் என்பதை முன்னோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

ஆயினும், அந்த நாற்றை நடுகின்ற ஆளுக்கும் நிழல் வேண்டும், அந்த ஏரைப் பிடித்த ஆளுக்கும் ஓய்வு வேண்டும் என்பது பல வயல்களில் எண்ணப்படுவதில்லை. வாடிய பயிருக்கு மறுநாள் நீர் பாய்ச்சினால் அது தலையெடுக்கலாம். வெயில் தாக்கி விழுந்த மனிதருக்கு மறுநாள் என்பது இல்லாமற் போகலாம். நட்டமடைந்த போகத்தை அடுத்த போகத்தில் ஈடுசெய்யலாம். இழந்த உயிரை எப்போகத்திலும் ஈடுசெய்தல் இயலாது.

உலகெங்கும் வெப்பம் உயர்ந்து வருகின்றது. பதிவுகள் வைக்கப்பட்ட காலந்தொட்டு மிகவும் வெப்பமான ஆண்டாக 2024ஆம் ஆண்டு அமைந்தது. கடும் வெப்பத்துக்கு உட்பட்டு வேலை செய்வோர் உலகில் 240 கோடிக்கும் அதிகமானோர் எனச் சர்வதேசத் தொழில் தாபனம் அவ்வாண்டில் மதிப்பிட்டது. அவர்களுள் கமத்தொழில் செய்வோரே முதல் வரிசையில் நிற்பவர்கள். எனவே, வெயிலின் தன்மையையும் அதனால் வரும் நோய்களையும், அவற்றைத் தடுக்கும் வழிகளையும் ஒவ்வொரு கமக்காரரும் அறிந்திருத்தல் அவசியமாகும். மலைநாட்டில் மரக்கறி செய்வோரின் நன்மை கருதிக் குளிரைப் பற்றியும் ஈற்றிற் கூறப்படுகின்றது.

தேகம் எவ்வாறு குளிர்கின்றது

மனித தேகத்தின் உள்வெப்பநிலை ஏறக்குறைய 37 பாகை செல்சியசு ஆகும். இதனை ஒரே அளவில் வைத்திருந்தாற்றான் மூளை, இருதயம், சிறுநீரகம் ஆகிய உறுப்புக்கள் செவ்வனே தொழிற்படும். மண்வெட்டி பிடித்து வரம்பு கட்டுகின்ற ஒருவரின் தசைகள் பெரும் வெப்பத்தை உண்டாக்குகின்றன. தசைகள் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய காற்பங்கே வேலையாகின்றது. எஞ்சிய முக்காற்பங்கும் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. ஆகவே, வேலை செய்பவர் வெளியிலிருந்து வெயிலினாலும் உள்ளிருந்து தம் உழைப்பினாலும் ஒருங்கே சூடேறுகின்றார்.

இச்சூட்டைத் தணிப்பதற்குத் தேகத்துக்குள்ள முதன்மையான கருவி வியர்வை ஆகும். ஒரு லீற்றர் வியர்வை தோலிலிருந்து ஆவியாகிப் போகும்போது அது கொண்டு செல்லும் வெப்பம், 8 லீற்றர் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. ஆனால் வியர்வை ஆவியானாற்றான் இப்பயன் கிடைக்கும். சொட்டுச் சொட்டாய் நிலத்தில் வடிந்துபோகும் வியர்வை தேகத்தைக் குளிர்விப்பதில்லை; தேகத்திலுள்ள நீரையும் உப்பையும் வீணே கொண்டு போகின்றது. காற்றில் ஈரப்பதன் கூடியிருக்கும் நாட்களில் வியர்வை ஆவியாவது தடைப்படும். நெற்கதிர் அடர்ந்த வயலின் நடுவிலும், காற்றோட்டமில்லாத பந்தலின் கீழும் புழுக்கம் கூடுவது இதனாலேயாம். எனவே, வெப்பமானி காட்டும் அளவை மாத்திரம் பார்த்து அபாயத்தைத் தீர்மானித்தல் தவறாகும்.

வளிமண்டலவியல் திணைக்களம் கடும் வெயில் காலங்களில் வெளியிடும் வெப்பச் சுட்டெண் அறிவித்தல், வெப்பநிலையையும் ஈரப்பதனையும் சேர்த்து, தேகம் உணரும் வெப்பத்தைக் கணித்துக் கூறுவதாகும். இத்தகைய கணிப்புகள் நிழலில் நிற்பவரை எண்ணிச் செய்யப்படுபவை. நேர் வெயிலில் நிற்பவருக்கு அதற்கு மேலும் 8 பாகை வரையிற் கூடுதலாக உணரப்படலாம். வானொலியில் இவ்வறிவித்தலைக் கேட்ட அன்றே வேலை நேரத்தை மாற்றியமைக்க வேண்டும்.

அபாயம் மிகுந்த காலங்கள்

இலங்கையில் ஏப்ரல் மாதம் 5ஆந் திகதி தொடக்கம் 15ஆந் திகதி வரையுள்ள நாட்களில் சூரியன் தெற்கிலிருந்து வடக்காகத் தீவின் ஒவ்வோர் இடத்துக்கும் நேர் உச்சியில் வருகின்றது. இக்காலத்தில் காற்றும் குறைவாகவே வீசும். வெங்காயம் கிண்டுதல், மிளகாய் ஆய்தல், சிறுபோகத்துக்கு வயல் பண்படுத்தல் ஆகிய வேலைகள் இந்நாட்களை ஒட்டியே வருகின்றன. கிழக்குப் பகுதியில், தென்மேற்குப் பருவக் காற்று மலைகளைக் கடந்து வரட்சியும் சூடுமாய் இறங்கி வீசுகின்ற கச்சான் காலமும் அபாயம் மிகுந்ததாகும். சிறுபோக அருவிவெட்டும் பல இடங்களில் இவ்வரண்ட காலத்திலேயே நிகழ்கின்றது. கச்சான் காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், தாம் எவ்வளவு நீரை இழந்தோம் என்பதை வேலையாள் உணர்வதில்லை.

எளிதிற் பாதிக்கப்படுவோர்

எல்லோரையும் வெயில் ஒரே அளவாகத் தாக்குவதில்லை. கீழ்க்காண்போர் மீது விசேட கவனம் வேண்டும்.

1. வேலைக்குப் புதிதாக வந்தவர்களும், நோயினாலோ வேறு காரணத்தினாலோ ஒரு வாரத்துக்கு மேல் நின்று மீண்டும் வந்தவர்களும்.
2. அறுபது வயதைத் தாண்டியவர்கள்.
3. கர்ப்பிணிகள்.
4. நீரிழிவு, இருதய நோய், உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உள்ளவர்கள். சிறுநீரைப் பெருக்கும் மருந்து உட்கொள்வோர் வெயிற் காலத்தில் வைத்தியரின் ஆலோசனையைப் பெறவேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது.
5. முதல்நாள் காய்ச்சல் அல்லது வயிற்றோட்டம் இருந்தவர்களும், இரவு மது அருந்தியவர்களும்.
6. தனியே வேலை செய்பவர்கள். பிறரை வேலைக்கு அமர்த்தாது தம் தோட்டத்தில் தாமே பாடுபடும் கமக்காரர் இவ்வகையைச் சேர்ந்தவர். அவர் விழுந்தால் பார்ப்பதற்கு அருகில் எவருமில்லை.
7. கொந்தராத்து முறையில், செய்த வேலையின் அளவுக்குக் கூலி பெறுபவர்கள். ஓய்வெடுத்தால் கூலி குறையும் என்பதால் இவர்கள் தேகம் தரும் எச்சரிக்கையைப் பொருட்படுத்துவதில்லை.

வேலை நேரத்தை வகுத்தல்

செலவின்றிச் செய்யக்கூடிய பாதுகாப்பு முறைகளுள் முதலாவது, வேலை நேரத்தை மாற்றுதலாகும். காலை 8 மணிக்குத் தொடங்கி, நடுப்பகலில் ஒரு மணி நேரம் நின்று, மாலை 5 மணிக்கு முடிக்கும் வேலையில் 8 மணி நேர உழைப்புக் கிடைக்கின்றது. ஆனால் அதிற் பெரும்பகுதி உச்சி வெயிலிலேயே கழிகின்றது. இதற்குப் பதிலாகக் காலை 5.30 மணிக்குத் தொடங்கி 10.30 மணிக்கு நிறுத்தி, பின்னர் மாலை 3.30 மணி தொடக்கம் 6 மணி வரை வேலை செய்தால் ஏழரை மணி நேர உழைப்புக் கிடைக்கின்றது. இழப்பது அரை மணி நேரம் மாத்திரமே. களைத்த கை மெதுவாகவே இயங்கும் என்பதையும், களைப்பினால் மிளகாய்க் கொப்பு முறிவதையும், வெங்காயம் வெட்டுப்படுவதையும் கணக்கிற் கொண்டால், அவ்வரை மணி நேரமும் இழப்பன்று.

வரம்பு கட்டுதல், பாத்தி கொத்துதல், மூடை சுமத்தல் போன்ற கடின வேலைகளை விடியற் காலையிற் செய்விக்க வேண்டும். வெங்காயப் பிடி கட்டுதல், விதை தெரிதல், மிளகாய் தரம்பிரித்தல் ஆகியவற்றை நடுப்பகலுக்கென ஒதுக்கி நிழலிற் செய்விக்கலாம். வெயிலில் மணிக்கொரு தடவையாவது நிழலில் இருந்து இளைப்பாற விடுதல் வேண்டும். வெயில் கடுமையாகும் போது ஓய்வின் அளவையும் கூட்ட வேண்டும். ஓய்வு நேரம் கூலியிற் கழிக்கப்படுமாயின் எவரும் ஓய்வெடுக்கமாட்டார் என்பதை வேலை கொடுப்போர் மறத்தலாகாது.

தேகத்தைப் பழக்குதல்

வெயிலுக்குத் தேகம் பழகுவதற்கு 7 தொடக்கம் 14 நாட்கள் வரை செல்லும். பழகிய தேகம் விரைவில் வியர்க்கத் தொடங்கும். வியர்வையில் உப்பை அதிகம் இழக்காது. இருதயத் துடிப்பும் அடங்கியிருக்கும். பழகாத தேகத்துக்கு இவ்வாற்றல்கள் இல்லை. வெயிலினால் நேரும் மரணங்களிற் பல, வேலை தொடங்கிய முதற் சில நாட்களிலேயே நிகழ்வதற்குக் காரணம் இதுவேயாகும்.

எட்டு மணி நேர வேலைநாளில் புதிய ஆள் ஒருவரை வெயிலில் விடக்கூடிய நேரம் பின்வருமாறு:

முதலாம் நாள் – ஒன்றரை மணி நேரம்
இரண்டாம் நாள் – மூன்று மணி நேரம்
மூன்றாம் நாள் – ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு
நான்காம் நாள் – ஆறரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு
ஐந்தாம் நாள் – முழு நேரம்

முன்னர் அவ்வேலை செய்து பழகி, சில காலம் நின்று மீண்டவராயின், முதலாம் நாள் வேலையிற் பாதி, இரண்டாம் நாள் பத்தில் ஆறு பங்கு, மூன்றாம் நாள் பத்தில் எட்டுப் பங்கு, நான்காம் நாள் முழுவதும் என்ற ஒழுங்கைக் கையாளலாம். எஞ்சிய நேரத்துக்கு நிழலில் செய்யும் வேலையைக் கொடுத்தால், அவருக்குக் கூலியும் குறையாது. கமக்காரருக்கு வேலையும் நடைபெறும்.

நீரும் உணவும்

தாகம் எடுத்த பின்னர் குடிப்போம் என்றிருத்தல் தவறாகும். தாகம் தோன்று முன்னரே தேகம் போதிய நீரை இழந்துவிடுகின்றது. வெயிலில் வேலை செய்பவர் 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு கோப்பை, அதாவது ஏறக்குறைய 250 மில்லிலீற்றர், நீர் அருந்த வேண்டும். இது மணிக்கு முக்கால் தொடக்கம் ஒரு லீற்றர் வரையாகும். ஒரே முறையில் பெருமளவு குடிப்பதிலும், சிறிது சிறிதாக அடிக்கடி குடிப்பதே சிறந்தது. மணிக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் நீர் குடித்தால் இரத்தத்திலுள்ள உப்பின் அளவு குறைந்து தீங்கு நேரக்கூடும்.

இக்கணக்கின்படி பத்துப் பேர் காலையில் ஐந்து மணி நேரம் வேலை செய்வதற்கு 40 தொடக்கம் 50 லீற்றர் நல்ல தண்ணீர் தேவை. ஒரு போத்தலை வரம்பில் வைத்துவிட்டுப் போதும் என்றிருத்தல் ஆகாது. மூடியுள்ள பாத்திரத்தில், வேலை நடக்கும் இடத்துக்கு மிக அருகில், நிழலில் நீரை வைக்க வேண்டும். வரம்பு நகர நகர நீர்ப்பானையும் நகர வேண்டும். மண்பானை நீரைக் குளிர்மையாக வைத்திருக்கும். வாய்க்கால் நீரையும், கிருமிநாசினி வந்த கொள்கலத்தில் எடுத்த நீரையும் எக்காரணங் கொண்டும் குடிக்கலாகாது.

வியர்வையோடு போகும் உப்பை ஈடுசெய்ய உப்பிட்ட கஞ்சி, மோர், பழஞ்சோற்றுத் தண்ணீர், இளநீர் ஆகியன உதவும். காலை உணவு உண்ணாமல் எவரையும் வயலில் இறங்க விடலாகாது. நெடுநேரம் மிகுதியாக வியர்த்தவருக்கும், வயிற்றோட்டம் கண்டவருக்கும் ஜீவனிக் கரைசல் நன்று. அது கிடையாதபோது, கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் தட்டையாக நிரப்பிய ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து அன்றன்றே உபயோகிக்கலாம். உப்பை இவ்வளவுக்கு மேற் சேர்த்தலாகாது. கள்ளும் சாராயமும் தேகத்திலிருந்து நீரை வெளியேற்றுவன; களைப்புத் தீர்க்கும் என்று எண்ணி அவற்றை வயலுக்குக் கொண்டு செல்லுதல் பெருந் தவறு.

பெண்கள் பலர், வயலருகே மறைவிடம் இல்லாமையால் காலை முதல் நீர் குடியாமலே வேலை செய்கின்றனர். இதை அவர்கள் வாய்விட்டுக் கூறுவதில்லை. கிடுகினாலோ சாக்கினாலோ மறைத்த ஒரு மலசலகூட வசதியைச் செய்து கொடுத்தல், தண்ணீர் கொடுப்பதற்கு ஒப்பான பாதுகாப்பாகும்.

நிழலும் உடையும்

மரநிழல் இல்லாத தோட்டத்தில் நாலு கம்பும் சில கிடுகும் கொண்டு ஒரு கொட்டில் அமைக்கலாம். அது நாற்புறமும் திறந்து காற்றோட்டமுள்ளதாக இருத்தல் வேண்டும். தகரக் கூரையின் கீழும், நிறுத்தி வைத்த உழவு இயந்திரத்தின் அருகிலும் இளைப்பாறுதல் பயன் தராது. அகன்ற விளிம்புள்ள ஓலைத் தொப்பியும், வெளிர் நிறமுடைய, தளர்ந்த, நீண்ட கையுள்ள பருத்திச் சட்டையும் ஏற்றவை. சட்டையைக் கழற்றிவிட்டு வேலை செய்வது குளிர்ச்சி போலத் தோன்றினும், நேர் வெயில் தோலைச் சுடுகின்றது. தலையிற் கட்டிய துவாயை நனைத்துக் கொள்ளுதல் நல்ல பழக்கம்.

கிருமிநாசினி தெளிப்போர்

கையுறை, முகமூடி, நீண்ட மேலங்கி ஆகியன நஞ்சிலிருந்து காப்பாற்றுகின்றன. ஆனால் அவை தேகச் சூட்டை அடைத்து வைக்கின்றன. வெப்பத்தைக் காரணங் காட்டி அவற்றைக் கழற்றுதல் கூடாது. வியர்த்துச் சூடேறிய தோல் நஞ்சை எளிதில் உறிஞ்சிக் கொள்ளும். ஆகவே தெளிக்கும் நேரத்தையே மாற்ற வேண்டும். காற்று அடங்கிய விடியற் காலையே தெளிப்பதற்கு உகந்தது.

தெளித்தவர் ஒருவர் தலைசுற்றி விழுந்தால், அது வெயிலினாலும் இருக்கலாம், நஞ்சினாலும் இருக்கலாம். கண்மணி ஊசிமுனை போற் சுருங்குதல், வாயில் எச்சில் பெருகுதல், நெஞ்சிற் சளி கட்டி மூச்சுத் திணறுதல், தசைகள் துடித்தல் ஆகியன ஓகனோபொசுபேற்று வகை நஞ்சின் அடையாளங்கள். ஐயமிருப்பின் நஞ்சு என்றே கொண்டு, உதவி செய்பவர் கையுறை அணிந்து, நனைந்த உடைகளைக் களைந்து, சவர்க்காரமும் நீரும் கொண்டு தேகத்தைக் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். மருந்துப் போத்தலின் சிட்டையையும் உடன் அனுப்புதல் அவசியம்.

வெயிலினால் உண்டாகும் நோய்கள்

தசைப்பிடிப்பு: கெண்டைக்கால், கை, வயிறு ஆகிய இடங்களில் தசை இறுகி வலிக்கும். வேலையை நிறுத்தி, நிழலில் இருத்தி, உப்புக் கலந்த கஞ்சி அல்லது ஜீவனி கொடுக்க வேண்டும்.

வெப்பக் களைப்பு: மிகுந்த வியர்வை, தலையிடி, தலைசுற்று, ஓங்காளம், தளர்ச்சி, குளிர்ந்து ஈரமான தோல் ஆகியன குறிகள். நோயாளி தன்னறிவோடு பேசுவார். நிழலிற் படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, உடையைத் தளர்த்தி, நனைத்த துணியால் துடைத்து, விசிறி, சிறிது சிறிதாக நீர் கொடுக்க வேண்டும். அன்று அவரை மீண்டும் வேலையில் விடலாகாது. அரை மணி நேரத்துள் குணம் காணாவிடில் வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

வெப்பத் தாக்கு: இதுவே உயிர் கொல்லும் நோய். தேகத்தின் உள்வெப்பநிலை 40 பாகைக்கு மேல் ஏறி, மூளை தடுமாறத் தொடங்கும். பேச்சுக் குழறுதல், பொருத்தமின்றிப் பேசுதல், காரணமின்றிக் கோபித்தல், தள்ளாடுதல், வலிப்பு, மயக்கம் ஆகியன குறிகள். தோல் உலர்ந்திருக்க வேண்டும் என்பது கட்டாயமன்று. உழைத்துக் கொண்டிருந்தவருக்கு வியர்வை வழிந்து கொண்டிருக்கும்போதே இந்நோய் வரலாம். இதனை அறியாமையால் எவ்வாறு உயிர் போகின்றது என்பதை ஓர் உதாரணத்தாற் காட்டலாம்.

சித்திரை மாதம், வெங்காயம் கிண்டும் தோட்டம் ஒன்று. பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் அன்றுதான் முதன்முறையாக வேலைக்கு வந்திருக்கின்றார். மற்றவர்களுக்குப் பின்தங்கிவிடக் கூடாது என்ற வைராக்கியத்தில் நீர் குடிக்கவும் எழும்பாமல் கிண்டுகின்றார். பதினொரு மணியளவில் அவர் பேச்சில் மாற்றம் தோன்றுகின்றது. வரிசை மாறிக் கிண்டுகின்றார். கேட்டவரோடு சினந்து பேசுகின்றார். எழுந்து நடக்கையில் கால் பின்னுகின்றது. குடித்துவிட்டு வந்திருக்கின்றார் போலும் என்று சிலர் சிரிக்கின்றனர். வயதில் மூத்த ஒருவர் இரக்கப்பட்டு, "தம்பி, நீ போய் அந்த வேம்படியிலே கொஞ்சம் படு" என்று அனுப்பி வைக்கின்றார். அவரும் போய்ப் படுக்கின்றார். எல்லோரும் தத்தம் வேலையைத் தொடர்கின்றனர். மதியச் சாப்பாட்டுக்கு எழுப்பச் சென்றபோது அவர் எழும்பவில்லை.

அம்மரத்திலிருந்து இருபது யார் தூரத்தில் கிணறும், நீர் இறைக்கும் இயந்திரமும், நிறைந்த தொட்டியும் இருந்தன. பேச்சுக் குழறிய அக்கணத்தில் அவரைத் தொட்டிக்குக் கொண்டு சென்றிருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும். அங்கு எவரும் தீயவரல்லர், இரக்கமற்றவருமல்லர். குறியை அறியாமையும், தனியே விட்டமையுமே இழப்புக்குக் காரணங்களாயின.

வெப்பத் தாக்குக்கு முதலுதவி

முதலிற் குளிர்வித்தல், பின்னரே கொண்டு செல்லுதல் என்பதே விதி. முதல் அரை மணி நேரமே உயிரைத் தீர்மானிக்கின்றது.

1. ஒருவர் உடனே 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்சு வண்டியை அழைக்க, மற்றவர் குளிர்விக்கத் தொடங்க வேண்டும்.
2. நோயாளியை நிழலுக்குக் கொண்டு சென்று, மேலுடையைக் களைய வேண்டும்.
3. கிணற்றுத் தொட்டி அருகிலிருப்பின், கழுத்து வரை நீரில் அமிழ்த்தி, தலையை நீருக்கு வெளியே இருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். தொட்டி இல்லையேல், இறைக்கும் நீரைத் தேகம் முழுவதும் இடைவிடாது ஊற்றி, ஓலையாலோ சாக்காலோ பலமாக விசிற வேண்டும்.
4. பனிக்கட்டி கிடைத்தால் துணியிற் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடைச் சந்து ஆகிய இடங்களில் வைக்க வேண்டும்.
5. தன்னறிவில்லாதவருக்கு வாயில் நீர் ஊற்றலாகாது. அது மூச்சுக் குழாயிற் சென்றுவிடும். வாந்தியெடுத்தால் பக்கவாட்டிற் சரித்துப் படுக்க வைக்க வேண்டும்.
6. பரசிற்றமோல் போன்ற காய்ச்சல் மருந்துகள் இந்நோயைத் தணிப்பதில்லை, அவற்றைக் கொடுக்கலாகாது.
7. வண்டி வரும் வரை குளிர்விப்பதை நிறுத்தலாகாது. நோயாளியைக் கணமேனும் தனியே விடலாகாது.

சிறுநீரகத்துக்கு நேரும் தீங்கு

வெயிலின் தீங்கு ஒரே நாளில் வெளிப்படாமல், ஆண்டுக் கணக்கில் மெல்ல மெல்லச் சேர்வதும் உண்டு. வடமத்திய மாகாணத்தில் 1990ஆம் ஆண்டுகள் தொடக்கம், நெற்செய்கையாளரிடையே நாட்பட்ட சிறுநீரக நோய் ஒன்று பெருமளவிற் காணப்பட்டு வருகின்றது. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாதவரையும் அது பற்றுகின்றது. குடிநீரின் தன்மை, கமத்தொழில் இரசாயனங்கள், வெயிலில் நீர் வற்றிய தேகத்தோடு உழைத்தல் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டு வருகின்றன. ஒரு காரணம் மாத்திரம் முடிவாக நிறுவப்படவில்லை. மத்திய அமெரிக்காவில், எல் சல்வடோர், நிக்கராகுவா ஆகிய நாடுகளில் கரும்பு வெட்டும் தொழிலாளரிடையேயும் இதையொத்த நோய் காணப்படுகின்றது. அங்கு கரும்புத் தோட்டங்களில் நீர், நிழல், ஓய்வு என்னும் மூன்றையும் ஒழுங்காகக் கொடுக்கும் முறை கையாளப்பட்டு வருகின்றது.

சிறுநீரின் நிறமே கமக்காரர் கையிலுள்ள அளவுகோல். வெளிறிய நிறமாயின் நீர் போதும். கடும் மஞ்சளாயின் நீர் போதாது. தேயிலைச் சாயம் போற் கறுத்திருப்பின் அன்றே வைத்தியரைக் காண வேண்டும். நாரி நோவுக்கென்று ஐபுபுறொபன், டைக்கிளோபினக்கு போன்ற வலிமாத்திரைகளை வைத்தியர் சொல்லாமல் விழுங்கிவிட்டு வெயிலில் இறங்குதல் சிறுநீரகத்துக்குப் பெருங் கேடு விளைக்கும்.

மலைநாட்டுக் குளிர்

நுவரெலியா, கந்தப்பளை, இராகலை ஆகிய பகுதிகளில் உருளைக்கிழங்கு, லீக்சு, கோவா, கரற் ஆகியன செய்வோருக்கு வேறொரு பகை உண்டு. தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்து, காற்று அடங்கிய இரவுகளில் நிலத்தின் சூடு விரைவாக வெளியேற, விடியற் காலையில் துகள் உறைபனி படிகின்றது. இலை கருகுவதைத் தடுக்க, சூரியன் எழுமுன் பயிருக்கு நீர் தெளித்துப் பனியைக் கழுவி விடுவது வழக்கம். கரற் கழுவுவோரும் குளிர்ந்த நீரில் நெடுநேரம் நிற்கின்றனர். பயிரைக் காப்பாற்றும் அந்நீரே வேலையாளின் உடையை நனைத்து அவரது சூட்டைக் கவர்ந்து கொள்கின்றது.

நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாகத் தேகச் சூட்டைக் கடத்துகின்றது. ஆகையால் உறைபனி இல்லாத, 10 பாகை வெப்பமுள்ள நாளிலும், நனைந்த உடையோடு காற்றில் நிற்பவர் அபாயத்துக்கு உள்ளாகலாம். உள்வெப்பநிலை 35 பாகைக்குக் கீழ் இறங்கும்போது கடும் நடுக்கம், விரல்கள் இயங்க மறுத்தல், பேச்சுக் குழறல், தடுமாற்றம், தூக்கம் ஆகியன தோன்றும். நடுங்கிக் கொண்டிருந்தவர் உடை மாற்றாமலும் சூடேறாமலும் நடுக்கம் நின்று சோர்ந்துவிட்டால், அது குணமன்று. நோய் முற்றியதன் அடையாளம்.

தடுக்கும் முறைகள்: ஒரு தடித்த உடையிலும் பார்க்க, ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்த இரண்டு மூன்று உடைகள் சிறந்தவை. தலையையும் காதையும் மூட வேண்டும். றப்பர்ச் சப்பாத்தும், நீர் புகாத கையுறையும், மேலே நீர் புகாத அங்கியும் தேவை. மாற்றுடை ஒன்றை உலர்ந்த பையில் எடுத்துச் செல்ல வேண்டும். நீரில் நிற்கும் வேலையை ஆள் மாற்றிச் செய்விக்க வேண்டும். சூடான தேநீரும் உணவும் கொடுக்க வேண்டும்.

பாதிக்கப்பட்டவரைக் காற்றுப்படாத இடத்துக்குக் கொண்டு சென்று, ஈர உடையை மாற்றி, கம்பளியாற் போர்த்தி, அறிவு தெளிந்திருப்பின் இனிப்பிட்ட சூடான பானம் கொடுக்கலாம். கை கால்களைத் தேய்த்தலும், நெருப்பருகே நேரே பிடித்தலும் கூடாது. சாராயம் உள்ளே சூடு தருவது போலத் தோன்றினும், தோலின் இரத்தக் குழாய்களை விரித்துத் தேகச் சூட்டை வெளியேற்றிவிடும். அடைத்த அறையிற் கரி அடுப்பு மூட்டி உறங்குதல் மிகக் கொடிய பழக்கம். அதிலிருந்து வரும் மணமற்ற நச்சு வாயு உறக்கத்திலேயே உயிரைப் போக்கும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. கடும் வேலையை விடியற் காலையில் முடிக்க; உச்சி வெயிலில் நிழல் வேலை கொடுக்க.
2. புதிய ஆளை முதல்நாள் முழு நேரமும் வெயிலில் விடாதிருக்க.
3. இருபது நிமிடத்துக்கு ஒரு கோப்பை நீர். அதனைக் கேட்கும்வரை காத்திராது கொடுக்க.
4. இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவரை ஒருவர் கவனிக்க. தனியே தோட்டஞ் செல்பவர், செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டிற் சொல்லிச் செல்க.
5. வெயிலில் நின்றவர் தடுமாறிப் பேசினால், குடித்தவர் என்று எண்ணற்க. வெப்பத் தாக்கு என்றே கொள்க.
6. முதலிற் குளிர்விக்க, பின்னர் கொண்டு செல்க.
7. மலைநாட்டில் நனைந்த உடையோடு எவரையும் நிற்க விடாதிருக்க.

முடிவுரை

மேற்கூறிய முறைகளுக்கு வேண்டிய பொருட்கள் ஒரு மண்பானையும், சில கிடுகும், சிறிது உப்பும் சீனியுமே. இவற்றை இல்லாத கமக்காரர் இல்லை. அடுத்த போகத்துக்கு விதையையும் பசளையையும் கணக்கிடும்போது, நிழலுக்கும் நீருக்கும் வேண்டியவற்றையும் சேர்த்துக் கணக்கிடுதல் வேண்டும். நாற்றுமேடைக்குக் கிடுகு பரப்பும் அன்றே, அதனருகில் ஆட்களுக்கும் ஒரு கொட்டில் போட்டுவிடலாம். அதற்குச் செல்வது அரைநாள் வேலையே.

மேலதிக விபரங்களை அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடமும் கமநல சேவை நிலையத்திலும், முதலுதவிப் பயிற்சி பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேட்டறிந்து கொள்ளலாம்.